எளாவூர் வட்டாரத்தில் ஆங்கில மழையின் செல்லுபடி: ஒரு முதற்கட்ட ஆய்வு

எளாவூர் சோதனைச்சாவடியில் ஆந்திராவிலிருந்து வரும் லாரிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களை மட்டும் ஒருவரும் நிறுத்துவதில்லை. அவை டிவி வழியாகவும் செல்போன் வழியாகவும் நேரே உள்ளே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுகின்றன. மழை, தண்ணீர் தொடர்பான ஆங்கிலத் தொடர்கள் பழவேற்காடு ஏரிக்கரையில் எந்த அளவுக்குச் செல்லுபடியாகும் என்று கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: எளாவூர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புகுளம். ஆய்வுக் கருவி: காது. நிதியுதவி: டீக்கடைக் கணக்கு, பாக்கி நிற்கிறது.

முதலில் நாயும் பூனையும். பெருமழையை ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வார்கள். 1651-இல் ஹென்றி வாகன் என்ற கவிஞர் நாயையும் பூனையையும் பொழியவிட்டார். இரண்டாண்டு கழித்து அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் பூனை போய் மரநாய் வந்து சேர்ந்தது. 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் இன்றைய வடிவத்தை அச்சில் ஏற்றினார். இத்தனை பிராணிகளை இறக்குமதி செய்த லண்டனின் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னைக்குச் சுமார் 1,400. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. நம் வானிலைத் துறை 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்றே ஒப்புக்கொள்ளும். லண்டன்காரர் குடை விரிக்கும் பல நாட்கள் இந்தக் கணக்கில் தேறா. விகிதாசாரப்படி நமக்கு எருமையும் யானையும் விழ வேண்டும்.

இத்தொடரைத் தமிழில் விளக்கியபோது, வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “வுய்ற நாய் கடிக்குமா, அத்த சொல்லு தம்பி” என்றார். ஸ்விஃப்டிடம் இதற்கு விடை இல்லை.

அடுத்து ஆழம். ‘டீப் வாட்டர்’ என்றால் ஆங்கிலேயருக்குப் பெரிய சங்கடம். பழவேற்காடு ஏரியோ சராசரியாக ஒரு மீட்டர் ஆழம். கழி ஊன்றிப் படகு தள்ளுகிறார்கள். தவறி விழுந்தால் எழுந்து நின்றுகொள்கிறார்கள். அமைதியான நீர் ஆழமானது என்னும் தத்துவமும் இங்கே இடுப்போடு நின்றுவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற நம்மூர் எச்சரிக்கைக்கும் இந்த ஏரியில் வேலை குறைவு.

குழம்பிய நீரில் மீன் பிடிப்பது என்ற தொடர்தான் ஆய்வாளரை நெடுநேரம் உட்காரவைத்தது. அடுத்தவன் கலவரத்தில் ஆதாயம் தேடும் அயோக்கியத்தனத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நம் மேடைப் பேச்சாளர்களும் தலையங்கக்காரர்களும் அதைக் குட்டையாகச் சுருக்கி அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த ஏரியில் இருளர் பெண்கள் சேற்றுத் தண்ணீரில் குனிந்தும் தவழ்ந்தும், வெறும் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அப்போதுதான் இரண்டு கையும் தொழிலுக்குக் கிடைக்கும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை, எல்லாம் விரல்தான். அகப்பட்ட இறால் அப்படியே பறிக்குள் போகிறது. தண்ணீர் குழம்பாமல் இந்த வேலை நடக்காது. இதைவிட நேர்மையான பிழைப்பைச் சட்டசபையில் காட்டுங்கள் பார்ப்போம். (இவ்விடத்தில் ஆய்வாளர் கோபப்படுகிறார். ஆய்வுக்கு ஆகாத குணம்.)

‘ரெய்னி டே’க்குச் சேமித்துவை என்கிறது இன்னொரு தொடர். மழை நாள் கெட்ட நாள் என்பது அதன் அடிப்படை. ஏரியை நம்பியவர்களுக்கு இது பாதிதான் உண்மை. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. கோடையில் ஏரித்தண்ணீர் கடலைவிட உப்பாகிப் போகும். ஆரணியாறும் காளங்கியும் பெருகி வந்து தள்ளினால்தான் வாய் திறக்கும். அதற்காக மழையை வேண்டிக்கொள்ளும் அதே ஊரில், அதே மழையால் கடலுக்குப் போக முடியாமல் அடுப்பு அணைவதும் உண்டு. இதை அரசு புரிந்துவைத்திருக்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. ஆங்கில மரபுத்தொடர் ஒன்று பாஸ்புக்கில் வரவாகப் பதிவாவது அபூர்வம். இத்தொடருக்கு மட்டும் அனுமதி வழங்கலாம்.

கரையோரத்தில் மெய்யாகவே குடியேறிவிட்ட சொல் ‘டிப்ரஷன்’. வன்னி, தெண்டி என்று கடல் நீரோட்டத்துக்கே பெயர் வைத்திருப்பவர்கள் இதையும் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டார்கள். காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் டிப்ரஷன், 50-ஐத் தொட்டால் ‘டீப்’, 62-ஐத் தொட்டால் புயல். ‘சைக்ளோன்’ என்ற சொல்லோ நம் வங்கக் கடலின் சொந்தச் சரக்கு. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பின் சுருளை மனத்தில் வைத்துக் கிரேக்கத்திலிருந்து உருவாக்கி, 1848-இல் தன் மாலுமிக் கையேட்டில் போட்டார். எல்லையூர் என்பதால் எளாவூரில் கேள்வி ஒன்றுதான்: “டிப்ரஷன் நமக்கா, நெல்லூருக்காண்ணா?” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொன்னது. சென்னையை ஊறவைத்துவிட்டு பாபட்லா அருகே கரையேறியது.

கடைசியாக, துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் புயல் கிளம்பக்கூடும்; எட்டிலிருந்து பத்து வரை பேராபத்து. பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோயிற்று என்பது. அது ஏறிய பிறகு ஆங்கிலத்திலும் சேதி வராது, தமிழிலும் வராது. ஆகவே வாசகர்களில் படகு வைத்திருப்பவர்கள் மூன்றாம் எண்ணிலேயே அதை மேட்டில் ஏற்றிக் கட்டிவிடவும்.