நுரை பொங்கும் நேரம்

“வீட்டுல இருக்குற மூணே பொருள் போதும்” என்று யூடியூப் அக்கா ஆரம்பித்தாலே, மளிகைக் கடைக்குப் பையை எடுத்துவிட வேண்டும். 2020 ஊரடங்கில் கொடிகட்டிப் பறந்த டால்கோனா காபியாவது கணக்கில் நேர்மையாக இருந்தது: இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, வெந்நீர், மூன்றும் சம அளவு. நுரை வரும்வரை அடிக்க வேண்டிய மணிக்கட்டைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. டிகிரி காபி குடித்து வளர்ந்த மாமாக்கள் ஃபில்டர் டிகாக்‌ஷனை ஊற்றி அடித்துப் பார்த்தார்கள்; நுரை எழவில்லை, மாமிதான் எழுந்தாள்.

அடைத்துக்கொண்ட சிங்க்குக்கும் வைத்தியம் உண்டு. சமையல் சோடாவைக் கொட்டு, மேலே வினிகரை ஊற்று. உஸ்ஸென்று பொங்கும். அழுக்கெல்லாம் அலறி ஓடுகிறதாம். கேமரா கிட்டே போய்க் காட்டும். நடப்பதென்னவோ பள்ளிக்கூடப் பாடம்தான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, கரியமில வாயு பறந்துவிடும். மிச்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். தனித்தனியே விட்டிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கறையாவது போக்கியிருக்கும். கல்யாணம் பண்ணிவைத்துக் கெடுத்தாயிற்று. குழாய்க்குள் குடியிருக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் வைபவத்தை வேடிக்கை பார்த்துவிட்டு அங்கேயே இருக்கும். கடைசியில் பிளம்பர்தான் வருவார். அவரிடம் வினிகர் கதையைச் சொல்லாமலிருப்பது உத்தமம்.

கைவினைப் பக்கம் இன்னும் விசேஷம். குப்பைக்குப் போகவேண்டிய தண்ணீர் பாட்டிலைப் பேனா ஸ்டாண்டாக்க க்ளூ கன், அக்ரிலிக் பெயின்ட், ஜிகினாத்தூள் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். பேனா? அது வழக்கம்போல ஃப்ரிட்ஜ் மேலேதான் கிடக்கிறது, மூடியில்லாமல்.