போகாதேயும் மருமகனே!

வாரும் மருமகனே, உக்காரும். டவுன்ல சமுதாயக் கல்லூரிக்குப் போயி எலக்ட்ரீஷியன் படிப்புக்கு ஃபாரம் வாங்கிட்டு வந்து, பீரோவுல வேட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீராமே? ஒம்ம பொண்டாட்டிதான் வந்து சொன்னா. நாப்பத்தேழு வயசுல நோட்டும் பேனாவுமாப் போனா ஊரு சிரிக்குமேன்னு பயம். நியாயமான பயந்தான். முத ஆளா நானே சிரிக்கலாம்னு இருக்கேன்.

அதனால சொல்லுதேன், போகாதேயும். ஆனா போகாததுக்குச் சரியான சாக்கு ஒண்ணு வேணுமே, அங்கதான் சிக்கலு. வயசைச் சொல்லலாம்னா, கேரளாவுல ஆலப்புழைப் பக்கம் கார்த்தியாயனி அம்மான்னு ஒரு பாட்டி, 2018-ல 96 வயசுல எழுத்தறிவுத் தேர்வு எழுதி, 100-க்கு 98 மார்க் வாங்கி நம்ம பொழப்புல மண்ணைப் போட்டுட்டா. நம்மூரா இருந்தா, "மிச்சம் ரெண்டு மார்க்கு எங்க?"ன்னு கேட்டிருப்பானுவ, அது வேற கதை. புதுக்கோட்டையில 1991-ல எழுத்துச் சொல்லிக்குடுக்க அறிவொளி இயக்கம் வந்தப்போ பொம்பளைக எழுத்தோட நிக்கலையே! சைக்கிளையும் சேத்துப் படிச்சுட்டு, கேலி பேசுனவன் முன்னாலயே மணியடிச்சுக்கிட்டுப் போனாக.

சரி, "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா"ன்னு பழமொழியைச் சொல்லித் தப்பிச்சுக்கிடலாம்னு பாக்கீரு. அதைச் சொன்னவனுக்கு என்ன வயசு இருக்கும்? அம்பதைத் தாண்டுன ஆளாத்தான் இருப்பான். வீட்டுல எதையோ கத்துக்கிடச் சொல்லி நச்சரிச்சிருப்பாக, பாவம்.

வயசுல ஒண்ணும் இல்ல மருமகனே. ஒம்ம கெத்துக்குத்தான் ஆபத்து. ஃபாரத்துல போட்டிருக்கது சின்ன ஃபீஸு. பெரிய ஃபீஸை வகுப்பு வாசல்ல வசூல் பண்ணுவாக. "எனக்கு இது தெரியாது"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். இருவத்தஞ்சு வருசமா மோட்டாருக்குக் காயில் கட்டுத கையி, ஒம்ம மக வயசுல ஒரு டீச்சர் பிள்ளை முன்னால எந்திரிச்சு நின்னு அப்படிச் சொல்லலாமா?

அந்தப் பிள்ளை சும்மாவும் இருக்காது. "மோட்டார் ஏன் எரியுது?"ன்னு கேக்கும். எங்கிட்ட நீரு எப்பவும் சொல்லுத பதில் ஒண்ணுதான்: "வோல்டேஜ் இல்ல மாமா." என் கெணத்து மோட்டாரை மூணு தடவை கட்டுனீரு, மூணு தடவையும் இதே பதிலு. அந்தப் பிள்ளை விடாது. மூணு ஃபேஸ்ல ஒண்ணு போனா மிச்சம் ரெண்டும் பாரத்தை இழுத்துச் சூடாகி எரியும், பேரிங் இறுகினாலும் எரியும், ஓவர்லோட் ரிலேயைச் சரியா வைக்கலன்னா எரியுததைத் தடுக்க ஆளே இல்லன்னு வரிசையா எழுதிப் போடும். எப்படிக் கட்டணும்னு ஒம்ம கைக்குத் தெரியும். ஏன் எரிஞ்சுதுன்னு தெரியாமக் கட்டுனா திரும்ப எரியும். திரும்ப எரிஞ்சாத்தான ஒமக்குத் திரும்பக் கூலி? காரணத்தைப் படிச்சுட்டு வந்தா அந்த வருமானமும் போச்சு. நல்லா யோசியும்.

இன்னொரு வில்லங்கம் கேளும். இந்தக் கல்லூரிகள்ல வாழ்க்கைத் திறன்னு தனியா ஒரு பாடம் நடத்துதாக. அடுத்தவுக பேசும்போது காது குடுக்கணும், கோவத்தை அடக்கணும், நாலு பேரோட கூடி வேலை பாக்கணும், இதெல்லாம் பாடத்துலயே வருது. இதுல நீரு பாஸாகிட்டா ஒம்ம வீட்டுல அடையாளம் தெரியாமப் போயிரும். அப்புறம் எங்கயாவது பட்டறையில கொஞ்ச நாளு நேரடிப் பயிற்சி. அந்தப் பட்டறை மொதலாளி, ஒருகாலத்துல ஒம்மகிட்ட ஸ்பானர் எடுத்துக் குடுத்த பயலாக்கூட இருக்கலாம். "அண்ணே, அதை இப்படிப் பிடிங்க"ம்பான். பிடிக்கணும்.

இந்தச் சமுதாயக் கல்லூரி ஏற்பாட்டை யாரு தொடங்குனான்னு திட்டணும்னா, அமெரிக்காவுல இல்லினாய் மாகாணத்து ஜோலியட் ஊருக்குப் போகணும். அங்க 1901-ல ஆறே ஆறு மாணவங்களை வச்சு ஆரம்பிச்சாக. நம்ம பக்கம் 1995-ல புதுச்சேரியிலயும், மறு வருசம் சென்னையிலயும் தொடங்கிச்சு. பாதியில படிப்பை விட்டவுக, மார்க்கு இல்லாதவுக, குடும்பம் ஆகிப் போனவுக எல்லாருக்கும் உள்ளூர்ல கெடைக்க வேலைக்கு ஏத்த படிப்பு. பள்ளிக்கூடம் கைவிட்டவுகளுக்குன்னு வந்தது. பள்ளிக்கூடத்தைத் தானாக் கைவிட்டு மாட்டுக்குப் பின்னால ஓடுன ஒம்மளையும் சேத்துக்கிடுதாகளான்னு விசாரியும்.

இவ்வளவும் சொல்லியும் போவேன்னு நின்னீருன்னா, ரெண்டு விசயத்தை மட்டும் முந்தானையில முடிஞ்சுக்கிடும். முந்தானை ஒமக்கு ஏது, பொண்டாட்டிகிட்ட முடியச் சொல்லும்.

மொதல்ல, சான்றிதழ்ல யாரு கையெழுத்துப் போடுதான்னு கேளும். "நூறு சதவீத வேலை"ன்னு போஸ்டர்ல போட்டவன் எவனும் கையெழுத்துப் போட வர மாட்டான். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, அதை வச்சு எந்த வேலைக்கு மனுப் போடலாம்னு ஃபீஸ் கட்டுததுக்கு முன்னால கேக்கணும். பத்தும் பன்னெண்டும் முடிக்காம நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல வாங்குன பட்டம் அரசு வேலைக்குச் செல்லாதுன்னு 2009-லயே அரசாணை போட்டாக. பட்டத்தை மட்டும் பாத்து, படியைப் பாக்காம ஏறுனவுக பாடு திண்டாட்டமாப் போச்சு. ஒமக்குப் பத்தாப்பு வேணும்னா தனித்தேர்வரா எழுத வழி இருக்கு. அறிவியல் செய்முறைக்கு மட்டும் பேரைப் பதிஞ்சு, பயிற்சிக்குப் போயிட்டு வரணும். ஒம்ம தொழிலுக்கே கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு ஒண்ணு அரசு நடத்துது. 21 வயசு முடிஞ்சிருக்கணும், வயரிங் வேலையில அஞ்சு வருச அனுபவம் வேணும். மேல் வயசுக்கு வரம்பே கெடையாது. பாத்தீரா, சர்க்காருக்கே ஒம்ம வயசு ஒரு பொருட்டில்ல. ஒமக்குத்தான் பொருட்டா இருக்கு.

ரெண்டாவது, சாயங்கால வகுப்புக்கு எதிரி பாடம் இல்லவே, பத்திரிக்கை. ஆவணி முகூர்த்தம், கோயில் கொடை, மச்சான் வீட்டுப் பால்காய்ச்சுன்னு வந்துக்கிட்டே இருக்கும். மொய்யை வீட்டுல குடுத்தனுப்பும், சாப்பாடு உங்காட்டா யாரும் கேஸ் போட மாட்டான். வகுப்புல "எங்க அனுபவத்துல என்னன்னா"ன்னு ஆரம்பிக்கதை மொத ரெண்டு மாசத்துக்கு நிறுத்தி வையும். கடைசி பெஞ்சுக்குப் போகாதேயும். சின்னப் பயலுக கேக்கக் கூச்சப்படுத சந்தேகத்தை நீரு கேட்டீருன்னா, பரீட்சைக்கு முந்துன நாளு அவனுக ஒமக்குச் சொல்லிக் குடுப்பானுக.

இனி ஒம்ம இஷ்டம். நீரு போகலன்னா அந்த ஃபாரத்துல தன் பேரை எழுதித் தையல் படிப்புக்கு நீட்டப் போறதா ஒம்ம பொண்டாட்டி சொல்லுதா. அவ போனாலும் நல்லதுதான், ரெண்டு பேரும் போனா ரொம்ப நல்லது. ஒம்ம ஃபீஸுல பாதி நான் தாரேன். முறைக்காதேயும், பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல. நாலாவது தடவை அந்த மோட்டாருக்குக் கூலி குடுக்கதைவிட, ஒம்மளைப் படிக்க வைக்கது எனக்கு மலிவாப் படுது.