'பரவால்ல மாமா'ன்னா நம்பிராதடே

வாடே பேராண்டி, உக்காரு. அந்தப் போனை மடக்கிப் பைக்குள்ள போடு. கேமராவ எம்பக்கம் திருப்பாத. எனக்குப் பல்லு கெடையாது, படம் சொகப்படாது.

என்னமோ உங்க ஆத்தாளுக்குப் பொட்டி வாங்கியாந்திருக்கியாமே? மல்லியப்பூ வாசத்துல மெழுகுவத்தி. மூஞ்சியில அப்புறதுக்குக் களிமண்ணு. தெனம் மூணு நல்ல விசயம் எழுதி வைக்க ஒரு டைரி. அப்பத்தாளைப் பாத்துப் பாத்து அம்மா அசந்து போனா, மனச லேசாக்கணும்னு போன்ல எவனோ சொன்னானாம். நீயும் காச அழுதுட்டு வந்திருக்க. நல்ல மனசுதான், நான் குத்தம் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். களிமண்ண அப்பிக்கிட்டு இருவது நிமிசம் கண்ண மூடிச் சாஞ்சிருக்கணும்னு டப்பாவுல போட்டிருக்காமே, அந்த இருவது நிமிசம் கெழவிய யாரு பாப்பா? மெழுகுவத்தியா?

முழிக்காத. உன்னையப் போல முழிக்கிற ஆளு ஊருக்குப் பத்துப் பேரு இருக்காக.

இந்த மறதி நோயி, டிமென்ஷியான்னு சொல்லுதாகளே, இது பட்டணத்துக்காரனுக்கு வாரதுன்னு ரொம்ப நாளா நம்ம பக்கம் ஒரு பேச்சு. 'எங்க காலத்துல களை வெட்டுனோம், கம்மங்கஞ்சி குடிச்சோம், இதெல்லாம் எங்களுக்கு அண்டாது'ன்னு நானே மடத்துத் திண்ணையில கதை அளந்திருக்கேன். நர்ஸுக்குப் படிக்கிற எம் பேத்தி 2023-ல வந்த கணக்கு ஒண்ண வாசிச்சுக் காட்டுனா. இந்தியாவுல அறுவது தாண்டுனவுகள்ல நூத்துக்கு 7.4 பேருக்கு இது இருக்காம். ஆள் கணக்குல 88 லட்சம். பட்டணத்தைவிடக் கிராமத்துலதான் கூட. ஆம்பளையவிடப் பொம்பளைக்குக் கூட. திண்ணையில ஒரு பயலும் வாயத் தொறக்கல.

சரி, ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு ஆளு பாக்கான்னு வச்சாலும் அது இன்னொரு 88 லட்சம். அந்த ஆளுக்கு மாத்திரை உண்டா? சீட்டு எழுத டாக்டர் உண்டா? ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் நாற்காலி கெழவிக்கு, நிக்கிறது மருமக.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குப் போட்டிருக்கு. இந்த நோயாளிகளப் பாத்துக்கிடுற நேரத்துல நூத்துக்கு எழுவது பங்கு பொம்பளைக தலையிலதானாம். இதுக்கு ஐநா சபை எதுக்கு, நம்ம தெருவுல நாலு வீட்டை எட்டிப் பாத்தாப் போதாதா? வீட்டாளுக சராசரியா ஒரு நாளைக்கு 5 மணி நேரம் செலவழிக்காகன்னு 2019 கணக்கு சொல்லுதாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சோறு ஊட்டுறது, குளிப்பாட்டுறது, துணி அலசுறது, அதெல்லாம் எண்ணிப்புடலாம்டே. ராத்திரி ரெண்டு மணிக்குக் கொண்டி எடுக்கிற சத்தம் கேக்குதான்னு ஒரு காத வாசப்பக்கம் வச்சிக்கிட்டே தூங்குறாளே, அதை எந்தக் கணக்குல எழுதுவ? அமெரிக்காக்காரன் 1981-லயே இதுக்கு ஒரு புத்தகம் போட்டு '36 மணி நேர நாள்'னு பேரு வச்சான். அந்தப் பேரு வச்சவன் வீட்டுக்குள்ள வந்து பாத்தவன்.

உனக்குத் தெரிஞ்சதெல்லாம் மறதி. பேரு மறக்கும், ஊரு மறக்கும், அம்புட்டுத்தானேன்னு கேப்ப. மறந்தாப் பரவால்லடே, மறக்காம ஒண்ணு சொல்லுவா பாரு, அதுதான் கொல்லும். உங்க அப்பத்தா சுருக்குப்பைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வப்பா. ஒளிச்சதை மறந்துருவா. பெறகு வாசல்ல உக்காந்து போறவுக வாரவுககிட்டச் சொல்லுவா: 'என் நகையெல்லாம் இந்த மருமக களவாண்டுட்டா.' தட்டு நெறையத் தின்ன கை ஈரம் காஞ்சிருக்காது, 'மூணு நாளா எனக்குச் சோறு போடல தாயி'ன்னு எதுத்த வீட்டுக்காரிகிட்டக் கையேந்துவா. எதுத்த வீட்டுக்காரி என்ன செய்வா? ரெண்டு இட்லியக் கொண்டாந்து குடுத்துட்டு உங்க ஆத்தாளைப் பாத்து ஒரு பார்வை பாப்பா. அந்தப் பார்வைக்கு எந்தக் களிமண்ண அப்புறது?

இது உங்க அப்பத்தாவோட குணமுன்னு நெனச்சிராத. 1901-ல ஜெர்மனியில, பிராங்க்பர்ட் ஊர்ல, 51 வயசுப் பொம்பளை ஒருத்தியப் புருசன் ஆசுபத்திரியில கொண்டு சேத்தான். ரயில்வேயில எழுத்தர் வேலை பாத்த மனுசன். அல்சைமர்னு ஒரு டாக்டர் அந்தம்மாளப் பாத்தாரு. 1906-ல அவ செத்த பெறகு மூளைய அறுத்துப் பாத்து, அந்த வருசமே டாக்டர்மாரு கூட்டத்துல எடுத்துச் சொன்னாரு. அவளுக்கு மொதமொத கண்ட அறிகுறி என்ன தெரியுமா? புருசன் மேல சந்தேகம். அங்கேயும் அதுதான், இங்கேயும் அதுதான். நோயிக்கு டாக்டர் பேரு வச்சாக. ஏச்சு வாங்குன புருசனை எவன் நெனச்சான்?

அதனால கெழவி 'களவாணி'ன்னு கத்துனா, 'நான் எடுக்கல'ன்னு உங்க ஆத்தா கோர்ட்டுல நிக்கிற மாதிரி வாதாட வேண்டாம். செயிச்சாலும் அஞ்சு நிமிசத்துல வழக்கு திரும்ப வரும். 'அடடா, காணோமா? வாங்க அயித்தை தேடுவம்'னு கூடச் சேந்து தேடச் சொல்லு. தேடுற வழியில காப்பியக் குடுத்தா வழக்கே மறந்துரும். செத்துப்போன தாத்தாவ 'எங்க அவுக, இன்னும் வயக்காட்டுல இருந்து வரலியா'ன்னு கேட்டா, செத்துட்டாகன்னு தெனம் சொல்லித் தெனம் எழவு கூட்டணுமா? 'வருவாக அயித்தை, அவுக எந்த வயலுக்குப் போவாக, சொல்லுங்க'ன்னு பேச்சக் குடுத்தாப் போச்சு. பொய்யின்னு அரிச்சந்திரன் மாதிரி மொகத்த வச்சிக்கிடாத. நீ ஆபீசுக்கு வயித்துவலின்னு லீவு சொல்லலியா?

அடுத்தது சொந்தக்காரக் கூட்டம். உங்க அத்தை பொங்கலுக்கு வந்துச்சே. மகளைக் கண்டதும் கெழவிக்கு எங்கேருந்துதான் தெம்பு வருமோ, நிமிந்து உக்காந்து 'வா தாயி, பிள்ளைக சொகமா, மழை தண்ணி உண்டா'ன்னு கேட்டா. உங்க அத்தை என்ன சொன்னா? 'அம்மா நல்லாத்தான இருக்கு, மதினிதான் பெருசு படுத்துது.' இது எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான்டே. விருந்தாளிக்கு முன்னால அரை மணி நேரம் மூளை இழுத்துப் பிடிச்சு நிக்கும். பெறகு பொழுது சாயிற நேரம் அது அம்புட்டையும் வட்டியோட வசூல் பண்ணும். 'எங்க வீட்டுக்குப் போணும், எங்காத்தா தேடுவா'ன்னு கெழவி சேலைய மூட்டை கட்டுவா. அந்நேரம் உங்க அத்தை பஸ்ஸு ஏறியிருப்பா.

உங்க பெரியப்பன் துபாய்ல இருந்து வீடியோவுல வருவாரு. பாதாம் குடுங்க, வல்லாரை குடுங்க, குறுக்கெழுத்துப் போடச் சொல்லுங்க. கையெழுத்தே மறந்த கெழவிக்குக் குறுக்கெழுத்து! வல்லாரைத் தொவையல் நல்ல பண்டம், நானும் தின்பேன். ஆனா இத நட்டுக்க நிமித்தி வைக்கிற மருந்து இன்னும் வரலைன்னு டாக்டரே கையை விரிக்காரு. கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிற மாத்திரை உண்டு, அதை அவரு எழுதட்டும். தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இதெல்லாங்கூட மறதி வேசம் போட்டு வரும். அது மட்டும் முன்னாலயே பாத்தாச்சான்னு கேட்டுக்க. நேத்து வரைக்கும் ஒரு மாதிரி இருந்தவ இன்னைக்குத் திடீர்னு தலைகீழா ஒளறுனா மூத்திரத்துல கிருமி இருக்கான்னு பாக்கச் சொல்லு. பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பிலைய ஒடிக்காத.

இப்ப சங்கதிக்கு வாரேன். பாக்குறவுக பாரம் எம்புட்டுன்னு அளக்க 22 கேள்வி வச்சிருக்காகளாம். சாரிட்னு ஒரு அமெரிக்காக்காரர் பேரு. ஒவ்வொண்ணுக்கும் பூச்சியத்துல இருந்து நாலு வரைக்கும் மார்க்கு, மொத்தம் 88. ஏற ஏற ஆபத்து. பேத்தி அதை உங்க ஆத்தாகிட்டக் கேட்டுப் பாத்தா. 'உங்களுக்குன்னு நேரமே இல்லன்னு தோணுதா?' 'அதெல்லாம் இல்ல.' 'கோவம் வருதா?' 'சேச்சே.' 'ஒடம்பு கெட்டுப்போச்சா?' 'பரவால்ல மாமா.' கேட்டது பேத்தி, பதிலு எனக்கு! பேரு வாங்குன மருமகளாச்சே, மார்க்கு பூச்சியம். அன்னைக்கு அவ பிரசர் மாத்திரை அட்டையப் பாத்தேன். பத்து நாளா பிரிக்கவே இல்ல.

நீங்க எல்லாருமாச் சேந்து அவளுக்குக் கட்டுன கோயில் இருக்கே, அதுதான்டே கேடு. 'உன்னைய மாதிரி ஒரு மருமக ஒலகத்துல உண்டா', 'நீ தெய்வம் தாயி.' அன்னையர் தினத்துக்கு அவ கெழவிக்குத் தலை சீவுற போட்டோவப் போட்டியே, எத்தன பேரு கையெடுத்துக் கும்பிட்டான்? அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'நான் ஒரு சாயங்காலம் வந்து இருக்கேன்'ன்னு சொன்னானா? தெய்வமுன்னு சொல்லிட்டா அதுக்கு முதுகு வலிக்காதுன்னு நெனப்பு. ஒரு தரம் கெழவி சாணியா அப்பி வச்ச சொவத்தக் கழுவிக்கிட்டிருக்கையில, இவ கையை ஓங்கிட்டா. ஓங்குன கையை எறக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயி அழுதா. யாருகிட்டச் சொல்லுவா? தெய்வம் கையை ஓங்கலாமா? மனுசின்னா ஓங்கும். ஓங்குனது அவ கெட்டவங்கிறதுக்கு அடையாளம் இல்ல, ஆளு மாத்தலைங்கிறதுக்கு அடையாளம்.

கமலை எறைச்ச காலத்துல, வெயிலு ஏறுனதும் மாட்ட அவுத்து நெழல்ல கட்டித் தண்ணி காட்டுவோம். மாத்து மாடு பூட்டித்தான் மிச்சப் பாத்தி பாயும். அவுக்காம ஓட்டுனா மாடு வடத்தோட கெணத்துக்குள்ள போயிரும்னு சின்னப் பயலுக்கும் தெரியும். மாட்டுக் கொம்புல பெயிண்ட அடிச்சு 'நீ நந்தி'ன்னு கும்பிட்டா தண்ணி ஏறுமா?

அதுதான் கேக்கேன், மாத்தாளு யாரு? உங்கப்பன் இருக்காரு. பெத்த மகன். 'எனக்கு அதெல்லாம் வராதுப்பா'ன்னு பேப்பர் படிக்காரு. வராதாம்! பொறக்கும்போதே மருமக இதெல்லாம் படிச்சுட்டா வந்தா? துபாய்க்காரரு பாதாமுக்கு அனுப்புற காசுல ஒரு ஆளு வச்சுக் குடுக்கட்டும், பகல்ல நாலு மணி நேரம். உங்க அத்தை வருசத்துல ஒரு மாசம் அவ ஆத்தாளைக் கொண்டுபோயி வச்சுப் பாக்கட்டும். எடம் மாறுனா கெழவி தவிப்பான்னா சரி, அத்தை இங்க வந்து தங்கட்டும். இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கிடாதவுக வீடியோவுல வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிப்புடு.

'ஹோமுல விட்டா ஊரு என்ன சொல்லும்'னு ஒரு பயம் வேற. ஊரு என்னமும் சொல்லும், கோமணம் மாத்த ஊரு வருமா? வெளியில கொண்டு வைக்கிறதோ வீட்டுலயே வைக்கிறதோ, பாக்குற ஆளோட தெம்பப் பாத்து முடிவு பண்ணணும், தெருவப் பாத்து இல்ல. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே? கெழவி தின்னா உங்க ஆத்தா வயிறு ரொம்புமா?

எழுதிக்க, உனக்குத்தான் போன்ல குறிச்சாத்தான் நெனப்பு இருக்கும். 14416. டெலி மானஸ்னு பேரு, 2022-ல சர்க்காரு தொடங்குனது. ராத்திரி பகல் எந்நேரமும் மனசுல உள்ளதக் கொட்டலாம், காசு கெடையாது. அது கெழவிக்கு இல்ல, உங்க ஆத்தாளுக்கு. 14567-ன்னு முதியோருக்கு ஒரு நம்பர் இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல இருந்து வீட்டுக்கு வாராகளே, பிரசர் மாத்திரை அவுககிட்டயே வாங்கலாம். படுத்த படுக்கையா கெடக்கிறவுகளையும் வந்து பாக்காக. வந்தா, கெழவிக்கு மட்டும் பிரசர் பாத்துட்டு அனுப்பிராதீக, மருமக கையையும் நீட்டச் சொல்லுங்க.

சரி, லீவு எத்தன நாளு போட்டிருக்க? நாலா? அதுல மூணு நாளு உங்க ஆத்தா அவ பெறந்த ஊருக்குப் போறா. தம்பி மகளுக்குச் சடங்கு வச்சப்பவே போகல, பாவம். போயித் தூங்கட்டும், ஒண்ணும் செய்யாம உக்காந்து தங்கச்சிகூடப் புறணி பேசட்டும். நீயும் உங்கப்பனும் கெழவியப் பாக்கீக. என்ன, மூஞ்சி வெளுக்குது? சோறு உங்கப்பன் பொங்குவாரு, ராத்திரி வாசல்ல நீ படுத்துக்க.

அந்த டயப்பரு எந்தப் பக்கம் முன்னால வரும்னாவது தெரியுமாடே? தெரியாதுல்ல. இப்ப எடு போனை. யூட்யூப்ல பாரு.