ஓடுவதற்கா, நிற்பதற்கா?

எங்கள் தலைமுறைக்கு டயர் என்பது முதலில் விளையாட்டுச் சாமான். அதன் மேலே ஒரு வண்டியும் உட்கார்ந்திருக்கும் என்பது பிறகு தெரிந்துகொண்ட சங்கதி. பழைய சைக்கிள் டயரும் முழ நீளக் குச்சியும் கைக்கு வந்துவிட்டால் மளிகைக் கடைக்குப் போவதே பந்தயமாகிவிடும். வாயால் கியர் மாற்றி, வளைவில் உடம்பைச் சாய்த்து, கடை வாசலில் வாயாலேயே பிரேக் போட்டு நின்ற பிறகு, அம்மா வாங்கிவரச் சொன்னது உப்பா புளியா என்று மறந்துபோய், அதைக் கேட்டுவர இன்னொரு முறை முழு வேகத்தில் ஓடுகிற பாக்கியம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். அந்த டயர் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று யார் கேட்டார்கள்? உருண்டது, போதும்.

எண்பதுகளில் அப்பா ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். அதன் டயர் அளவு 5.90-15 என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் போய் நின்று “அம்பாசடருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னால் உள்ளேயிருந்து டயர் உருண்டு வரும். ஒன்று அம்பத்தூர் டன்லப், இல்லாவிட்டால் 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்து விற்க ஆரம்பித்து, 1952-இல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்து, 1961-இல் டயரையே செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். எது கையிருப்பில் இருக்கிறதோ அதுவே உலகத்தில் சிறந்த டயர் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார், அடுத்த வாரம் மற்றது வந்திறங்கினால் அதற்கும் செய்வார், நாமும் இரண்டு முறையும் நம்புவோம்.

வாங்குவது ஒரு முறைதான். அதற்குப் பிறகு அந்த டயர் எடுத்த பிறவிகளுக்குத்தான் கணக்கில்லை. பட்டன் தேய்ந்து மொட்டையாகி, உள்ளே கேன்வாஸ் எட்டிப் பார்க்கிற வரை ஓடும். நூல் தெரிவதற்குள் புத்திசாலிகள் கழற்றிக் கொடுத்து ரீட்ரெட் போட்டுக்கொள்வார்கள். அதுவும் தேய்ந்தால் மாட்டுவண்டிக்குப் போகும். அங்கும் முடியாதபோது செருப்பாகி ஒரு விவசாயியின் காலில் மறுபடி சாலைக்கே வரும். எதற்கும் ஆகாத மிச்சம் போகிப் பண்டிகைக்கு ஊரையே இரும வைத்துவிட்டு மோட்சம் அடையும். இப்போது கடைக்காரர் பழைய டயருக்கு ஏதோ ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு பின்பக்கம் உருட்டிவிடுகிறார். அப்புறம் அதன் கதி என்ன என்று நாமும் கேட்பதில்லை. போகிக் காலையில் மூச்சுவிட முடிகிறது, அதை மறுக்க மாட்டேன்.

பஞ்சர் என்று ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? திண்டிவனம் தாண்டி வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்பா “இறங்குங்க” என்பார். கடைப் பையன் லீவர் போட்டு நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கித் திருப்பிக்கொண்டே வருவான். ஓரிடத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பியதும் விரலால் அடைத்துப் பிடித்து, துடைத்து, பென்சிலால் வட்டம் போட்டு, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்கு வாயால் ஊதுவான். அந்த வாசனையை மூக்கு நிறைய இழுப்பதற்காகவே நான் தொட்டியோரம் குந்தியிருப்பேன். மற்றவர்கள் புளிய மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள். வீட்டில் வாய் திறக்காத அப்பா, அத்தையின் கல்யாணம் தாலி கட்டும் நேரத்தில் நின்று பிறகு நடந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். இன்றைய டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியதே பல நாள் தெரிவதில்லை. தெரிந்தாலும் சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு ரப்பர் திரியைக் குத்திச் செருகி ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் அப்பா மாப்பிள்ளை அழைப்பைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். தாண்டினாலும் உட்கார்ந்து கேட்க அந்த மரங்கள் இல்லை. நான்கு வழிச் சாலைக்கு வழிவிட்டுப் போய்விட்டன.

அந்த நாளில் எனக்கு டயர் என்றால் வேகம், வேகம் என்றால் சோழவரம். உலகப் போரில் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடக்கும். வெயிலில் நாள் முழுக்க நின்று, புழுதியையும் எரிந்த ரப்பர் நெடியையும் சட்டையில் சுமந்து வீடு திரும்புவேன். மறுநாள் அப்பாவின் அம்பாசடர் என் கையில் சிக்கும். 1489 சிசி எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன், ஸ்டியரிங் கம்பத்தில் கியர். முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அடையாறு வளைவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் திருப்பினாலே, நூலடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுச் செய்த அந்தக் கால டயர் பக்கவாட்டில் நசுங்கி வீல் என்று அலறும். எனக்கோ சோழவரமே எழுந்து நின்று கைதட்டும். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் இந்தப் பையனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்று பார்த்திருப்பார்கள். ரசிகர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வாசலில் நிற்பது ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், சிவப்பு எழுத்தில் ஜிடி என்று போட்டது. எஞ்சின் 1498 சிசி; அம்பாசடரைவிட ஒன்பதே சிசி கூடுதல், ஆனால் சக்தி 150 குதிரை. முப்பது கிலோமீட்டரில் திருப்பினால் டயர் முணுமுணுப்பதுகூட இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வேகமான வண்டியில் என் மனைவி காய்கறிப் பையோடு பின்னால் உட்கார்ந்து தூங்குகிறாள். டயரின் பள்ளத்துக்குள், 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் திட்டு இருக்கும். மேல் ரப்பர் அதன் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வண்டியில் இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன.

கடைக்குப் போய்ப் பழக்க தோஷத்தில் வண்டியின் பெயரைச் சொன்னேன். பதிலுக்குக் கேள்விகள் வந்தன. அளவு 205/55 R16. அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம், இதுவரை சரி. அதற்குப் பிறகு வரும் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ சுமக்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும், டபிள்யூ என்றால் 270. சார், உங்களுக்கு கம்ஃபர்ட் வேண்டுமா, கிரிப் வேண்டுமா, மைலேஜ் வேண்டுமா? மூன்றும் என்றேன். கடைக்காரப் பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். ரப்பர் மென்மையாக இருந்தால் சாலையைக் கவ்வும், சீக்கிரம் கரையும். கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஈரத்தில் கைவிடப் பார்க்கும். பெங்களூரிலிருந்து மகன் போனில் “அப்பா, நல்ல பெர்ஃபார்மன்ஸ் டயரா போடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க” என்கிறான். மனைவி பக்கத்திலிருந்து, “என்னங்க, சத்தம் வராதான்னு மட்டும் கேளுங்க” என்கிறாள். நான்கு டயருக்கும் சேர்த்துச் சொன்ன தொகைக்கு அப்பா அந்தக் காலத்தில் அம்பாசடரையே வாங்கியிருந்தார், ஓடுகிற நிலையில், ஸ்டெப்னியோடு.

அப்பா கேட்காத ஒன்றை நான் கேட்டேன்: டயரின் பிறந்த தேதி. பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2325 என்றால் 2025-ஆம் வருஷத்தின் இருபத்து மூன்றாவது வாரத்தில் பிறந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் நான்கையும் குனிந்து படித்தேன். புது டயரின் மேல் அச்சிலிருந்து காற்று வெளியேறிய துளைகளில் வழிந்து உறைந்த ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சின்ன வயதில் ஒன்று விடாமல் பிய்த்த பழக்கம், கை தானாகப் போயிற்று. பையன் பார்க்காத நேரத்தில் மூன்று நான்கு பிய்த்தேன்.

பிறகு என் வாயிலிருந்து வந்த கேள்விதான் எனக்கே புதிது: “தம்பி, மழையில எது சீக்கிரம் நிக்கும்?” சோழவரத்துக்காரனாக இருந்த நாளில் எந்த டயர் எவ்வளவு வேகம் போகும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. சிலிகா கலந்த ரப்பர், நீரை வாரி வெளியே தள்ளும் அகலப் பள்ளங்கள் என்று பையன் சொல்லச் சொல்ல, இவ்வளவு காசும் ஓடுவதற்கல்ல, நிற்பதற்கு என்று புரிந்தது. உள்ளங்கை அகலத்தில் நான்கு இடங்கள்தான் தரையைத் தொடுகின்றன. அதன் மேல்தான் குடும்பம் தூங்குகிறது. அவன் அப்படிச் சொன்ன டபிள்யூ டயரையே போடச் சொன்னேன். மகனிடம் வேகத்துக்கு என்று சொல்லிவிட்டேன். அவன் வயதுக்கு அதுதான் விளங்கும்.

கயிறு கட்டி ஒற்றைக் கண்ணால் அலைன்மென்ட் பார்த்த மேஸ்திரியின் இடத்தில் இப்போது கேமராவும் திரையும் நிற்கின்றன. காற்று பிடிக்கும்போது “நைட்ரஜன் போடலாமா சார்?” என்றார்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்று சொல்ல வாயெடுத்து, இலவசமாக இருந்ததைக் காசுக்கு விற்கிற சாமர்த்தியத்துக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டினேன். வீடு திரும்பும் வழியில் வேளச்சேரியில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். 270 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும் நான்கு டயர்களும் பத்தடிக்கு ஒரு தரம் நின்றன, அருமையாக நின்றன. நிற்பதற்காகத்தானே வாங்கினேன், சென்னை அதற்கு வஞ்சகமில்லாமல் வாய்ப்புக் கொடுத்தது.