ஆகாசப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல்

கி.மு. 22,662-ஆம் ஆண்டில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஞாபகமில்லையா? போகட்டும். போன மாதம் கரண்ட் பில் கட்டிய ரசீதை எங்கே வைத்தோம் என்பதே நமக்கு ஞாபகமில்லை. ஆனால் 1910-இல் சென்னை அடையாற்றில் ஒருவருக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. தன் பிறவி மட்டுமா? ஊரார் பிறவி அத்தனையும்.

அவர் பெயர் சார்லஸ் வெப்ஸ்டர் லெட்பீட்டர். முன்னாள் ஆங்கிலிக்கன் பாதிரியார். பிரம்மஞான சபையின் ஞானதிருஷ்டி இலாகா கிட்டத்தட்ட அவர் ஒருவர் கையில்தான் இருந்தது. உலகத்தில் நடந்ததெல்லாம் ஆகாசத்தில் பதிவாகியிருக்கிறது, கண்ணை மூடினால் படிக்கலாம், படிக்கத் தெரிந்தவன் நான் என்றார். வசதியான பதிவேடு. நகல் கேட்டு யாரும் மனுப் போட முடியாது. மேல்முறையீடும் கிடையாது.

1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு பையனைப் பார்த்தார். 14 வயது. மெலிந்த உடம்பு, பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று வாத்தியாரிடம் அடி வாங்குகிற பிள்ளை. இவனைச் சுற்றித் தெரிகிற ஒளியில் துளியும் சுயநலம் இல்லை, உலகத்துக்கு வரப்போகும் ஜகத்குருவுக்கு இவன் உடம்புதான் வாகனம் என்று சொல்லிவிட்டார். பையன் பெயர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அடுத்த ஆண்டே சபையின் பத்திரிகையில் அவனுடைய முற்பிறவிகள் தொடராக வரத் தொடங்கின. மொத்தம் முப்பது. கி.மு. 22,662-இல் ஆரம்பித்து கி.பி. 624-இல் முடிகிறது. இடையில் எந்தப் பிறவியில் யாரைக் கட்டினான், யார் பெற்றார்கள், யார் வயிற்றெரிச்சல் பட்டார்கள் எல்லாம் உண்டு.

பையனின் அப்பா நாராயணய்யா ரெவின்யூ இலாகாவில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை ஏக்கர் தகராறுக்கு ஏழை ரைத்து வந்தால் பத்திரம் எங்கே, சாட்சி யார் என்று வாழ்நாளெல்லாம் கேட்ட மனிதர். அவர் வீட்டுப் பிள்ளைக்கு இருபத்து மூவாயிரம் வருடத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் பட்டா எழுதித் தருகிறார். சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

இன்னொரு கோப்பும் இருந்தது. அதைப் படிக்க ஞானதிருஷ்டி வேண்டாம், மூக்குக்கண்ணாடி போதும். சிறுவர்களுக்கு லெட்பீட்டர் சொல்லிக்கொடுத்த சங்கதிகள் பற்றி அமெரிக்காவிலிருந்து புகார் வந்து, 1906-இல் அவர் சபையை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1907-இல் அன்னி பெசன்ட் தலைவரானார். சீக்கிரமே லெட்பீட்டர் சபைக்குள் திரும்பினார். வந்த வருடமே சிறுவர்களைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு. கி.மு.வில் நடந்ததையெல்லாம் வரி விடாமல் நம்பிய கூட்டத்துக்கு, மூன்று வருடத்துக்கு முன் நடந்ததைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை.

இந்தப் பிறவிக் கதையில் எல்லோருக்கும் நட்சத்திரப் பெயர். கிருஷ்ணமூர்த்தி அல்சியோன். பெசன்ட் ஹெராக்ளிஸ். லெட்பீட்டர் சிரியஸ், அதாவது வானத்திலேயே அதிகப் பிரகாசமான நட்சத்திரம். தன்னடக்கத்தைப் பாருங்கள். பிறவிதோறும் வந்து கெடுதல் செய்கிற வில்லனுக்கு ஸ்கார்ப்பியோ, நம்மூர் விருச்சிகம். உறுப்பினர்கள் அலைமோதினார்கள். கதையில் நான் இருக்கிறேனா, எத்தனை பிறவியில் வருகிறேன், ஜகத்குருவுக்கு மாமனாரா மச்சானா? இடம் கிடைத்தவர் நடையே மாறியது. கிடைக்காதவர் முகம் சுருங்கியது. வைத்தீஸ்வரன் கோயிலில் கட்டைவிரல் ரேகை கொடுத்து ஓலை கேட்கிற பாமரனைப் பார்த்துச் சிரித்த பட்டதாரிகளும் வக்கீல்களும்தான் இந்த வரிசையில் நின்றவர்கள். இவர்களுக்கு ஓலை ஆங்கிலத்தில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இமயத்துக்கு அப்பால் இருந்து உலகத்தை நடத்துகிற மகாத்மாக்களின் பூர்வீகமோ இன்னும் அமர்க்களம். கூட் ஹூமி முன்பு பித்தகோரஸ். செயின்ட் ஜெர்மேன் பிரபு முன்பு ரோஜர் பேக்கன், பிறகு பிரான்சிஸ் பேக்கன். இனிஷியல் மாறினாலும் வீட்டுப் பெயரை விடவில்லை. இயேசு? அவர் அப்போலோனியஸ் என்ற கிரேக்க ஞானியாகப் பிறந்தார், அதற்கப்புறம் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜராகப் பிறந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1925-இல் லெட்பீட்டர் புத்தகமாகவே அச்சிட்டிருக்கிறார். அப்போலோனியஸும் இயேசுவும் ஒரே நூற்றாண்டுக்காரர்கள் ஆயிற்றே, இடிக்கிறதே என்பீர்கள். கவலை வேண்டாம். இயேசு பிறந்தது கி.மு. 105-இல் என்று சபையார் ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தார்கள். தேதி இடித்தால் தேதியைத் தள்ளி வைப்பது.

அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாந்தோம். ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரு மணி நேர ரயிலும் ஒரு மாட்டுவண்டியும் போதும். ஒரு பாதிரியாரையோ ஒரு ஜீயரையோ யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆதிசேஷன் அவதாரம் என்று தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டவர்களுக்கு, உங்கள் உடையவர் யார் தெரியுமா என்று சொல்லிக்கொடுக்கச் சீமையிலிருந்து ஆள் வந்தார். போகட்டும், ராமானுஜர் என்ன செய்தார் என்றாவது பார்த்திருக்கலாம். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊர் கேட்க உரக்கச் சொன்னார் என்பது வைணவர் சொல்லும் கதை. அவரைச் சொந்தம் கொண்டாடிய சபையோ மகாத்மாக்களின் உபதேசத்தை உள்வட்டம் என்று தனிப் பிரிவு வைத்து, ரகசியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. எந்தக் கோபுரத்திலும் யாரும் ஏறவில்லை.

பெசன்ட் அம்மையார் விஷயத்தில்தான் உண்மையான கோபம் வருகிறது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை எழுதி, அவர்கள் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். பாஸ்பரஸ் விஷத்தில் தாடை அழுகிப்போன பெண்களை அறிந்தவர். பின்னாளில் ஹோம் ரூல் கேட்டு வெள்ளைக்கார அரசின் காவலில் இருந்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு முற்பிறவி என்று கிடைத்தது அலெக்சாந்திரியாவின் ஹைபேஷியாவும், 1600-இல் ரோமில் உயிரோடு எரிக்கப்பட்ட ஜியோர்டானோ புரூனோவும். போன பிறவியில் நான் தீக்குச்சி அடுக்கினேன் என்று சொல்ல மட்டும் அங்கே ஆளில்லை. ராணி உண்டு, பூசாரி உண்டு, தளபதி உண்டு. அவர்கள் வீட்டுக் கக்கூஸை அள்ளியவன் யார்? அவன் ஆத்மா ஏன் அடையாற்றுக்கு வந்து சந்தா கட்டவில்லை? புரூனோவாவது திருச்சபையின் அதிகாரத்துக்குப் பணிய மாட்டேன் என்று எரிந்துபோனார். மறுபிறவியிலோ ஒரு பாதிரியார் கண்ணை மூடிச் சொன்னதற்கெல்லாம் முத்திரை குத்தினார்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் பிள்ளைகள். கிருஷ்ணமூர்த்திக்கு முன்பே சிகாகோவிலிருந்து ஒரு சிறுவனை இதே பதவிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தாயும் மகனும் கப்பலேறி 1909-இல் அடையாறு வந்து இறங்கினால், பதவியில் வேறு பையன். அவனுக்கும் ஒரு நட்சத்திரப் பெயர் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். நாராயணய்யா விழித்துக்கொண்டு 1912-இல் பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். பெற்றவனுக்கு ஒரு பிறவிச் சொந்தம். அவர்களுக்கு முப்பது பிறவிச் சொந்தம் ஆயிற்றே. அதே 1914-இல் புதுச்சேரியில் ஒளிந்து வாழ்ந்த பாரதி, தங்கவால் நரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதி அச்சிட்டான். நரி யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிட்னி பால்மோரல் கடற்கரையில் ஜகத்குருவைத் தரிசிக்க ஒரு திறந்தவெளி அரங்கமே கட்டினார்கள். காசு கொடுத்து இருக்கை வாங்கினார்கள். முன்வரிசைக்கு விலை அதிகம். 1951-இல் அது இடிபட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி வந்தது. 1925 ஆகஸ்டில் ஹாலந்தில் ஜகத்குருவின் அப்போஸ்தலர்கள் யார் யார் என்று பெசன்ட் அறிவித்தார். பட்டியலில் பெசன்ட் இருந்தார், லெட்பீட்டரும் இருந்தார். கிருஷ்ணமூர்த்தியின் தம்பி நித்யானந்தாவின் உயிரை மகாத்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அண்ணனை நம்ப வைத்திருந்தார்கள். நவம்பரில் தம்பி காசநோயில் செத்தான். அண்ணனுக்குச் செய்தி கப்பலில் கிடைத்தது.

1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, தனக்காகவே கட்டிய அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். நன்கொடையாக வந்த கோட்டையையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். முப்பது பிறவிப் பட்டா வைத்திருந்தவருக்கு அது வேண்டாம் என்று சொல்ல இருபது வருடம் பிடித்தது.

லெட்பீட்டர் 1934-இல் இறந்தார். பிற்காலத்தில் கிரிகரி டில்லெட் என்ற ஆராய்ச்சியாளர் எளிய காரியம் ஒன்று செய்தார். இங்கிலாந்தின் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தார். 1847-இல் பிறந்தேன் என்று சொல்லிவந்த லெட்பீட்டர் பிறந்தது 1854-இல். கி.மு. 22,662-ஐச் சரியாகச் சொன்னவர் தன் பிறந்த வருடத்தில் ஏழு வருடம் தவறிவிட்டார். பிரேசிலில் கொல்லப்பட்ட தம்பி ஒருவன் இருந்தான், அவன்தான் இலங்கையில் சபைப் பிரமுகர் ஜினராஜதாசவாக மறுபிறவி எடுத்தான் என்று வேறு சொல்லியிருந்தார். அப்படி ஒரு தம்பி பிறந்த தடயமே பதிவேட்டில் இல்லை. பிறக்காதவனுக்கே மறுபிறவி.

சத்தியத்தை விட உயர்ந்த மதமில்லை என்பது சபையின் கொள்கை வாசகம். அதையே தலைப்பாக வைத்து 1963-இல் சபையின் மூத்தவர் ஈ.எல். கார்ட்னர் ஒரு சிறு நூல் எழுதினார். லெட்பீட்டர் கண்டது அவர் மனமே கட்டிய தோற்றம் என்றார். இந்தக் கார்ட்னர் யார்? இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் அட்டையில் தேவதைகளை வெட்டி நிறுத்தி எடுத்த புகைப்படங்களை நிஜம் என்று ஊரெல்லாம் காட்டியவர். அவருக்கே இது தாங்கவில்லை. விளக்கம் கேட்கலாம் என்றால் லெட்பீட்டர் போய் 29 வருடமாகியிருந்தது. எந்த ஊரில், எந்தப் பெயரில், எந்த வாகனத்தில் இருக்கிறாரோ, விலாசம் கொடுத்துவிட்டுப் போகவில்லை.