ஊரெல்லாம் ஒரே தலைப்பு

கேள்வி: தேர்தல் முடிவில் தகராறு, தெருவில் கலவரம். அந்த நேரத்தில் பத்திரிகைக்காரர் வாயைத் திறப்பதா, மூடுவதா?

பதில்: கென்யா இரண்டையும் செய்து பார்த்துவிட்டது. 2007 டிசம்பர் 30 அன்று அதிபர் தேர்தலில் முவாய் கிபாகி வென்றதாக அறிவிப்பு. சற்று நேரத்திலேயே பதவியேற்பு. நிச்சயத் தட்டு மாற்றிய கையோடு தாலி கட்டிய கதைதான். அன்றே நேரலை ஒளிபரப்புக்கு அரசு தடை போட்டது. டிவி அடங்கியதும் வதந்தி எஸ்எம்எஸ்ஸில் ஏறி ஊர்வலம் போனது. கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஜனவரி 3. நைரோபியில் எந்த முக்கியப் பேப்பரை எடுத்தாலும் முதல் பக்கத்தில் நாட்டைக் காப்பாற்றச் சொல்லி ஒரே தலைப்பு. போட்டிப் பத்திரிகைகள் பேசிவைத்துப் போட்டன. நல்ல காரியம்தான். ஆனால், ஓட்டு எண்ணிக்கையைத் துருவ வேண்டியவர்கள் பஜனை பாடுகிறார்களே என்ற குறையும் ஒட்டிக்கொண்டது.

2013 தேர்தலில், மறுபடி கலவரம் வருமோ என்ற பயம் முற்றி, சேனல்கள் பூனைபோல நடந்தன.

2022-ல் தேர்தல் ஆணையம் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் முடிவு எழுதிய '34ஏ' படிவங்களை இணையத்தில் ஏற்றியது. சேனல்கள் ஆள்வைத்துக் கூட்டின. ஒன்றில் அதிபர் வேட்பாளர் ரூட்டோ முந்த, இன்னொன்றில் அவரது போட்டியாளர் ஒடிங்கா முந்தினார்! படிவம் அதேதான்; கூட்டிய வரிசைதான் வேறு. எத்தனை சாவடி, எந்தப் பக்கத்துச் சாவடி என்று திரை ஓரத்தில் ஒரு வரி எழுதக் காசா, பணமா?