கல்தேரும் கைப்பிடித்தவரும்

கேள்வி: மனைவியுடன் ஒரு வாரம் ஹம்பிக்குப் போகிறேன், போட்டோ எடுப்பதற்காகவே! என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: பெயரை மறைத்தபோதே பாதி தயாராகிவிட்டீர்கள்!

மீதியைச் சொல்கிறேன். மண்டபங்களை முழுசாக அடக்க ஒரு வைட் லென்ஸ், முகங்களுக்கு ஒரு 50 எம்.எம். லென்ஸ் போதும். இரண்டாவதில் யார் முகம் அதிகம் பதிய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் போனால் உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் கூடாது. பெட்டியில் மிச்சமாகும் இடம் அவருடைய புடவைகளுக்கு.

நினைவுச்சின்னங்களில் டிரைபாட் நிறுத்தத் தொல்லியல் துறையின் முன்அனுமதி வேண்டும். மாதங்க மலையில் சூரிய உதயம் எடுக்க இருட்டிலேயே ஏற வேண்டும். அதற்கு வீட்டுத் துறையின் முன்அனுமதி வேண்டும். அந்த மனுவை முதல் நாள் ராத்திரி தூங்கப் போகும்போது நீட்டாதீர்கள்.

பகல் 11 முதல் 3 வரை வெயில் உச்சந்தலையில் நிற்கும். பாறைகள் வெளிறிப் போகும், முகங்களில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். அந்த முகத்தைப் படம் எடுத்து அவரிடமே காட்டும் விபரீதம் வேண்டாம். கேமராவை மூடிவிட்டு நிதானமாகச் சாப்பிடுங்கள், பேசுங்கள்.

விட்டலர் கோயில் கல்தேர் 2017-இல் வந்த 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. அவரை விட்டுவிட்டுத் தேரை மட்டும் எடுத்து வந்தால், “இதுக்கு அம்பது ரூபாயே போதுமே!” என்பார். ஹோட்டல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வீர்கள்?